கனடா முதற்குடிச் சிறுவர் நல வழக்கு: நிதிச் சூத்திரத்துக்குள் இருந்த பாகுபாடு நிரூபணமானது எப்படி? (இணையக் கலந்துரையாடல்; தலைப்பாக வருபவை பேசுபவர்களின் புனைபெயர்கள்)

வாய்தா

கனடா மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016 ஜனவரி 26 அன்று கொடுத்த தீர்ப்பைப் (2016 சிஎச்ஆர்டி 2; சிஎச்ஆர்டி என்பது தீர்ப்பாயத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) படித்துக்கொண்டிருக்கிறேன். ரிசர்வ்களிலும் (முதற்குடியினருக்கு, அதாவது கனடாவின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினருக்கு, ஒதுக்கப்பட்ட நிலங்கள்) வடக்கிலுள்ள யூக்கான் பிரதேசத்திலும் வாழும் முதற்குடிக் குழந்தைகளுக்கான நலச் சேவையில் மத்திய அரசு இனப் பாகுபாடு காட்டியது என்பது முடிவு. முடிவில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே போய்ச் சேர்ந்த வழியைத் தெரிந்தவர்கள் யாராவது விளக்க வேண்டும்.

"இந்தப் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கொடு" என்று எந்தச் சட்டப் பிரிவும் சொல்லவில்லை. அப்படியிருக்க எதை வைத்துப் பாகுபாடு என்றார்கள்? குழந்தை நலம் மாகாணங்களின் பொறுப்பு என்கிறார்கள். பிறகு மத்திய அரசு எப்படி எதிர்மனுதாரர் ஆனது? இன்னொன்று. நம் ஊரில் தீர்ப்பு வந்துவிட்டால் அதற்குமேல் நிறைவேற்று மனுதான். இங்கே 2016க்குப் பிறகும் அதே தீர்ப்பாயம் அதே வழக்கில் உத்தரவுமேல் உத்தரவாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. எந்த அதிகாரத்தில்?

நிதிக்கணக்கு

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

1991இல் நடைமுறைக்கு வந்த "ஆணை 20-1" என்ற நிதி விதியைப் பாருங்கள். ரிசர்வில் வேலை செய்யும் முதற்குடி நல முகமைக்கு இரண்டு தலைப்புகளில் பணம் வரும். முதலாவது செயல்பாட்டு நிதி. சம்பளம், அலுவலகம், பயணம், குடும்பங்களுக்கு வீட்டோடு கொடுக்கும் உதவி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ரிசர்வில் இருக்கும் 0 முதல் 18 வயதுவரையான குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்து இது முன்கூட்டியே நிர்ணயமாகிவிடும். இரண்டாவது பராமரிப்பு நிதி. குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து வளர்ப்புக் குடும்பத்திலோ காப்பகத்திலோ வைத்தால் ஆகும் செலவு இது. பில் அனுப்பினால் ஆன செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

செயல்பாட்டு நிதியைக் கணக்கிட மூன்று அனுமானங்கள் வைத்தார்கள்: 100 குழந்தைகளில் 6 பேர் பராமரிப்பில் இருப்பார்கள், 20 சதவீதக் குடும்பங்களுக்குச் சேவை தேவைப்படும், ஒரு குடும்பத்துக்கு 3 குழந்தைகள். எங்கே வேலை செய்யும் முகமையானாலும் இதே எண்கள்தான்.

1,000 குழந்தைகள் உள்ள ஒரு பகுதியை வைத்துப் போட்டுப் பாருங்கள். சூத்திரப்படி பராமரிப்பில் 60 குழந்தைகள், உதவி தேவைப்படும் குடும்பங்கள் ஏறத்தாழ 67. உண்மையில் அங்கே 120 குழந்தைகள் பராமரிப்பில் இருந்தால் என்ன ஆகும்? அந்த 120 பேரின் தங்கல் செலவு முழுதாக வந்துவிடும். ஆனால் ஊழியர்களின் எண்ணிக்கை 60 பேருக்கு உரியதாகவே நிற்கும். ஒவ்வொருவர் தலையிலும் இரட்டிப்பு வழக்குகள். வீடுவீடாகப் போய்ப் பிரச்சினையை முளையிலேயே தீர்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. தலைமைத் தணிக்கையாளர் 2008 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் தணிக்கை செய்த ஐந்து மாகாணங்களில் பராமரிப்பில் இருந்த குழந்தைகளின் விகிதம் 0 முதல் 28 சதவீதம்வரை இருந்தது. 6 என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல.

விலைவாசி உயர்வுக்கான சரிசெய்தலும் 1995 முதல் நின்றுபோனது. சிறிய முகமைகளுக்கு நிலையான நிர்வாகத் தொகை படிப்படியாகக் குறையும். கட்டட வாடகையும் கணக்காளர் சம்பளமும் அதற்கேற்பக் குறையாது.

இதன் விளைவுதான் பாகுபாடு. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கப் பணம் இல்லை. பிள்ளையை எடுத்துவிட்டால் பணம் உண்டு. ரிசர்வுக்கு வெளியே மாகாணச் சட்டம் "முடிந்தவரை வீட்டிலேயே உதவு, எடுப்பது கடைசி வழி" என்கிறது. ரிசர்விலும் அதே சட்டம்தான். ஆனால் அதைச் செய்துகாட்ட நிதி கிடையாது.

ஒட்டாவா மேசை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கனடா அரசியலமைப்பின் 91(24)ஆம் பிரிவு "இந்தியர்களும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களும்" மத்திய அரசின் அதிகாரம் என்கிறது. இங்கே "இந்தியர்" என்பது முதற்குடியினரைக் குறிக்கும் பழைய சொல். கனடாவின் "இந்தியர் சட்டம்" என்ற சட்டத்தின் 88ஆம் பிரிவு மாகாணங்களின் பொதுச் சட்டங்கள் முதற்குடியினருக்கும் பொருந்தும் என்கிறது. எனவே ரிசர்வில் குழந்தை நலச் சட்டம் மாகாணத்துடையது, பணம் மத்திய அரசுடையது. "நாங்கள் வெறும் பணம் கொடுப்பவர்கள், சேவை செய்வது முகமைகள், நிதி கொடுப்பது சேவை ஆகாது" என்பதுதான் அரசின் முதல் தற்காப்பு. முதற்குடி விவகாரங்களைப் பார்க்கும் மத்திய திணைக்களத்தின் நிதியும் விதிமுறையும்தான் எந்தச் சேவை எந்த அளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன, அவ்வளவு பிடி வைத்திருப்பவர் சேவை வழங்குபவரே என்று தீர்ப்பாயம் அதைத் தள்ளியது.

வழக்கு நடந்த வரிசை: 2007 பிப்ரவரியில் முதற்குடிச் சிறுவர் குடும்ப அரவணைப்புச் சங்கமும் முதற்குடித் தலைவர்களின் தேசிய அமைப்பான முதற்குடிகள் பேரவையும் மனித உரிமை ஆணைக்குழுவில் புகார் கொடுத்தன. சங்கத்தின் தலைமை நிர்வாகி கிட்க்ஸன் இனத்தைச் சேர்ந்த சிண்டி பிளாக்ஸ்டாக். 2008 அக்டோபரில் ஆணைக்குழு புகாரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. 2011 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் அப்போதைய தலைவர் விசாரணையே நடத்தாமல் புகாரைத் தள்ளுபடி செய்தார். 2012 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி மக்டாவிஷ் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தார். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2013 பிப்ரவரியில் புதிய அமர்வு முன் தொடங்கிய விசாரணை 2014 அக்டோபர்வரை 72 நாள் நடந்தது, 25 சாட்சிகள். நடுவில் அரசு பல்லாயிரம் ஆவணங்களைக் கொடுக்காமல் வைத்திருந்தது தெரியவந்து விசாரணை தடைப்பட்டது.

இந்த ஆவண விஷயத்தை லேசாக விட்டுவிடக் கூடாது. சூத்திரம் குறைபாடுள்ளது என்று திணைக்களத்தின் உள் குறிப்புகளே சொல்லிக்கொண்டிருந்தன. இழப்பீட்டுக் கட்டத்தில் "அறிந்தே அலட்சியம்" என்று தீர்ப்பாயம் சொல்ல இவைதான் கைகொடுத்தன.

வாய்தா

2011 தள்ளுபடியின் காரணம்தான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லை என்றார்களா?

ஒட்டாவா மேசை

ஆமாம். மனித உரிமைச் சட்டத்தின் 5(பி) பிரிவு சேவை வழங்கும்போது பாதகமாக வேறுபடுத்துவதைத் தடுக்கிறது. வேறுபடுத்த இரண்டு தரப்பு வேண்டும். மத்திய அரசு இந்தச் சேவையை முதற்குடியினருக்கு மட்டும்தான் தருகிறது. மாகாணம் வேறொரு அரசு, ஒரு அரசின் சேவையை இன்னொரு அரசின் சேவையோடு ஒப்பிட முடியாது. எனவே பாகுபாடு என்ற கேள்வியே எழவில்லை என்பது அந்த வாதம்.

அதன் போக்கைப் பாருங்கள். ஒரு சமூகத்தை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துத் தனி ஏற்பாட்டில் வைத்துவிட்டால், ஒப்பிட ஆள் இல்லாமல் போய், அந்தச் சமூகம் பாகுபாடு பற்றிப் புகாரே கொடுக்க முடியாமல் ஆகிவிடும். நீதிபதி மக்டாவிஷ் ஒப்பீட்டுக் குழு ஒரு சான்று வகைதான், கட்டாய நிபந்தனை அல்ல என்றார். கூடவே, தரப்பினருக்குத் தெரிவிக்காமல் வெளி ஆவணங்களைத் தீர்ப்பாயம் கணக்கில் எடுத்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்றும் கண்டார்.

அதே 2012இல் உச்ச நீதிமன்றம் மூர் எதிர் பிரிட்டிஷ் கொலம்பியா வழக்கில் சோதனையைத் தெளிவாக்கியது. பாதுகாக்கப்பட்ட அடையாளம் உண்டா, சேவையில் பாதகம் நேர்ந்ததா, அந்தப் பாதகத்தில் அடையாளம் ஒரு காரணியா. மூன்றும் நிரூபணமானால் முதல் தோற்றத்தில் பாகுபாடு. உள்நோக்கத்தைக் காட்டத் தேவையில்லை. சூத்திரத்தின் விளைவைக் காட்டினால் போதும். உங்கள் முதல் கேள்விக்கான சட்டப் பதிலும் இதுதான்.

தராசு

மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். 2007இல் ஆல்பர்ட்டாவில் தொடங்கி அரசு புதிய தடுப்பு அணுகுமுறையைக் கொண்டுவந்தது. ஒதுக்கீடும் ஆண்டுதோறும் கூடியது. மாகாணத்துக்கு மாகாணம் செலவு மாறுபடும். "இவ்வளவு குறைவு" என்று துல்லியமான எண் ஒன்று நிரூபிக்கப்பட்டதா? 22 சதவீதம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், அது 2000ஆம் ஆண்டுக் கணக்கு.

நிதிக்கணக்கு

22 சதவீதம் 2000ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை மீளாய்வில் வந்தது என்பது சரி. அந்த மீளாய்வு திணைக்களமும் முதற்குடிகள் பேரவையும் சேர்ந்து செய்தது. ஒருதலைப்பட்சமான அறிக்கை அல்ல. இன்னும் முக்கியமாக, திணைக்களத்தின் கொள்கையே "மாகாணத்துக்கு நியாயமாக ஒப்பிடத்தக்க சேவை" என்பதுதான். அந்தச் சொற்றொடருக்கு அவர்கள் வரையறையும் வைக்கவில்லை, ஒப்பிட்டும் பார்க்கவில்லை என்று தலைமைத் தணிக்கையாளர் 2008இல் சொன்னார். தானே வைத்த அளவுகோலைத் தானே எடுத்து அளக்காதவர், துல்லிய எண் எங்கே என்று எதிர்த்தரப்பைக் கேட்பது எப்படி நிற்கும்?

புதிய அணுகுமுறை ஆல்பர்ட்டா, சஸ்காச்செவன், நோவா ஸ்கோஷியா, கியூபெக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, மனிடோபா ஆகிய ஆறு மாகாணங்களுக்குப் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் நியூ பிரன்ஸ்விக்கும் பழைய ஆணையிலேயே கிடந்தன. குறை தெரிந்து மாற்று கொண்டுவந்த அரசு, மற்ற இடங்களில் அதே குறையை ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டது. மாற்றிய இடங்களிலும் அடிப்படை அனுமானம் தொடர்ந்தது. அங்கே பராமரிப்புச் செலவும் கட்டுப்பட்ட தொகைக்குள் வந்ததால், அது தாண்டினால் முகமை தடுப்பு நிதியிலிருந்து எடுத்து அடைத்தது. தடுப்பு என்று பெயர் வைத்த பணம் பிள்ளைகளை வெளியே வைக்கும் செலவுக்கே போனது.

ஒன்டாரியோவில் சூத்திரம் வேறு. 1965 ஒப்பந்தப்படி மாகாணம் செலவு செய்யும், மத்திய அரசு பெரும்பகுதியைத் திருப்பித் தரும். 1998க்குப் பிறகு அதன் அட்டவணைகளைப் புதுப்பிக்கவில்லை. மனநலச் சேவை உள்ளே வரவில்லை. குழந்தை நல வழக்குகளில் தம் சமூகத்துக்காக நிற்கும் சமூகப் பிரதிநிதிகளுக்கான பணம் 2003இல் நிறுத்தப்பட்டது.

செம்பரிதி

தடுப்பு எண்டால் என்ன எண்டு கொஞ்சம் விவரமாச் சொல்லுறன், இல்லாட்டில் இந்தக் கணக்கு காத்தில நிக்கும்.

முதற்குடிப் பிள்ளையளைப் பிரிச்செடுக்கிற வழக்குகளில பெரும்பங்கு அடி உதை இல்லை, "புறக்கணிப்பு" எண்ட தலைப்புக்கு கீழே வாறது. அதுக்குப் பின்னாலே நிக்கிறது மூண்டு: வறுமை, இடிஞ்ச அல்லது நெரிசலான வீடு, பெற்றோரின்ரை போதைப் பழக்கம். பூஞ்சணம் பிடிச்ச ஒரு வீட்டில ஏழு பேர் இருக்கினம், பிள்ளைக்கு இழுப்பு, தாய்க்கு மதுப் பழக்கம் எண்டு வையுங்கோ. அந்தக் குடும்பத்துக்குத் தேவை வீட்டுத் திருத்தம், தாய்க்குச் சிகிச்சையில இடம், அவ சிகிச்சைக்குப் போற நேரம் பிள்ளையைப் பார்க்க பேத்தியாருக்கு ஒரு உதவித்தொகை, வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து பார்க்க ஒரு பணியாளர். இதில ஒண்டுக்கும் ஆணை 20-1இல தனித் தலைப்பு கிடையாது. அதே பிள்ளையை 300 கிலோமீட்டர் தள்ளி நகரத்தில ஒரு வளர்ப்பு வீட்டில விட்டால் நாள்கணக்கில காசு வரும், அதுவும் முழுசா.

2016 சனத்தொகைக் கணக்கில 14 வயசு வரையான பிள்ளையளில பூர்வகுடிப் பிள்ளையள் 7.7 வீதம், வளர்ப்பு வீட்டில இருக்கிற அதே வயசுப் பிள்ளையளில 52.2 வீதம். 2021இல அந்தப் பங்கு 53.8 வீதம். பூர்வகுடிப் பிள்ளையளைக் குடும்பத்திலயிருந்து பிரிச்சு வைச்ச இருப்பிடப் பள்ளியள் மூடின பிறகும் பிள்ளையள் வீட்டை விட்டுப் போறது நிக்கேல்லை எண்டு சொல்லுறதுக்கு வேற சாட்சி தேவையில்லை.

வாய்தா

அந்தத் திட்டத்தை நிறுத்து என்று சொல்வது புரிகிறது. ஆனால் தீர்ப்பாயம் "இவ்வளவு கொடு" என்று சொல்ல முடியுமா? நம் நீதிமன்றங்கள் கொள்கை முடிவு என்று ஒதுங்கிக்கொள்ளும் இடம் இது.

ஒட்டாவா மேசை

53(2)(ஏ) பிரிவு பாகுபாட்டை நிறுத்தவும் மறுபடி நேராமல் தடுக்கவும் உத்தரவிட அதிகாரம் தருகிறது. 2016இல் தீர்ப்பாயம் பரிகாரத்தை மூன்றாகப் பிரித்தது: உடனடி நிவாரணம், நீண்டகாலச் சீர்திருத்தம், இழப்பீடு. மூன்றும் முடியும்வரை வழக்கைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இது. அரசு உத்தரவை நிறைவேற்றாதபோது மனுதாரர்கள் புதிய வழக்குப் போடத் தேவையில்லை. அதே எண்ணில் ஒரு மனு போதும். இருபதுக்கும் மேற்பட்ட தொடர் உத்தரவுகள் வந்தது இப்படித்தான்.

பணம் சம்பந்தமாக மிகக் கூர்மையானது 2018 பிப்ரவரி 1 அன்று வந்த உத்தரவு (2018 சிஎச்ஆர்டி 4). புதிய சூத்திரம் வரும்வரை தடுப்புச் சேவை, புகார் விசாரணை, சட்டச் செலவு, கட்டடப் பழுது ஆகியவற்றுக்கு முகமைகளின் உண்மைச் செலவைக் கொடு, 2016 ஜனவரி 26 முதல் முன்தேதியிட்டுக் கொடு என்றது. பராமரிப்புக்கு இருந்த அதே "ஆன செலவு முழுதும்" முறை தடுப்புக்கும் வந்தது. சூத்திரத்தின் சாய்வை அதே சூத்திரத்தின் முறையால் நேராக்கினார்கள். என் கணிப்பில் இந்த வழக்கிலேயே அதிகம் வேலை செய்த உத்தரவு இதுதான். 2022 மார்ச்சில் ஒப்புதலோடு வந்த இன்னொரு உத்தரவு, தடுப்புக்குத் தலைக்கு 2,500 டாலர் என்றும், பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளையோருக்கு 26ஆவது பிறந்தநாள்வரை ஆதரவு என்றும் வைத்தது.

நாட்டின் சொந்த அடிப்படை உரிமைச் சாசனத்தின் கீழ் போகாமல் ஏன் தீர்ப்பாயம் என்று கேட்பார்கள். இங்கே சான்று விதி தளர்வு, மூத்தோரின் வாய்மொழிச் சாட்சியமும் செவிவழிச் சான்றும் ஏற்கப்படும். விலை என்னவென்றால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு.

செம்பரிதி

ஜோர்டன் கொள்கையையும் இதோடையே சொல்லவேணும். புகாரின்ரை மற்றப் பாதி அது.

ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் மனிடோபாவில நோர்வே ஹவுஸ் கிரீ சமூகத்துப் பிள்ளை. 1999இல பிறந்தவர், பிறந்ததிலிருந்தே கடும் மருத்துவத் தேவையள். வீட்டுக்குப் போகலாம் எண்டு மருத்துவர்கள் சொன்ன பிறகு ரெண்டு வருசத்துக்கு மேலே ஆசுப்பத்திரியிலேயே இருந்தார், வீட்டுப் பராமரிப்புக்கு மத்திய அரசு கட்டுறதா மாகாணம் கட்டுறதா எண்டு சண்டை. 2005இல, ஐந்து வயசில, ஆசுப்பத்திரியிலேயே போயிட்டார். 2007 டிசம்பர் 12 அண்டு நாடாளுமன்றக் கீழவை ஏகமனதா ஒரு தீர்மானம் போட்டுது: முதலில் அணுகப்பட்ட அரசு காசைக் கட்டட்டும், யார் பொறுப்பு எண்ட வழக்கைப் பிறகு பார்க்கட்டும். இதுதான் ஜோர்டன் கொள்கை.

தீர்மானம் போட்டவுடனே திணைக்களம் அதைக் குறுக்கிப்போட்டுது. பிள்ளைக்குப் பல குறைபாடு இருக்க வேணும், பல சேவை வழங்குநர் வேணும், ரெண்டு அரசுக்கும் இடையில முறையான தகராறு இருக்க வேணும். இந்த வலையில எந்தப் பிள்ளையும் விழேல்லை. விண்ணப்பம் வராததால தேவை இல்லை எண்டு சொன்னார்கள்.

ஒட்டாவா மேசை

அந்தக் குறுகிய வரையறையைத் தீர்ப்பாயம் 2016இலேயே பாகுபாடு என்றது. அரசு மெல்ல மெல்ல நகர்ந்ததால் 2017 மே 26 அன்று (2017 சிஎச்ஆர்டி 14) கால வரம்பு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் திருத்திய வடிவம் இது: ஒரு குழந்தைக்கான அவசர விண்ணப்பம் 12 மணி நேரம், மற்றவை 48 மணி நேரம். குழுவாகக் கேட்டால் அவசரத்துக்கு 48 மணி, மற்றதற்கு 7 நாள். குறைபாடு இருக்க வேண்டும், அரசுகளுக்கிடையே தகராறு இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் போயின. முடிவெடுக்குமுன் நிர்வாகக் கூட்டம் போட்டுத் தாமதிக்கக் கூடாது. மருத்துவ விவரம் தேவைப்பட்டால் மட்டும் அந்தத் துறை வல்லுநரிடம் பேசலாம். மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

இவ்வளவு இறுக்கம் ஏன் என்பதற்கு அந்தத் தீர்ப்பிலேயே வாபெக்கா சமூகத்தின் விவரம் இருக்கிறது. ஒன்டாரியோவின் வடக்கில், பிள்ளைகளிடையே தற்கொலை ஒப்பந்தம் இருப்பது தெரிந்து 2016 ஜூலையில் மனநலக் குழுவுக்குப் பணம் கேட்டார்கள். பணம் வரவில்லை. 2017 ஜனவரியில் 12 வயதுச் சிறுமியர் இருவர் இறந்தார்கள்.

தராசு

ஆனால் இப்போது அந்த 12 மணி, 48 மணி நடக்கவில்லையே. தேங்கிய விண்ணப்பங்கள் 1,40,000 என்று அரசே தீர்ப்பாயத்தில் சொன்னது.

நிதிக்கணக்கு

நடக்கவில்லை. விண்ணப்பம் பெருகிய வேகத்தில் முடிவெடுக்கும் அதிகாரிகள் பெருகவில்லை. பெரும்பாலான முடிவுகள் சில மேசைகள் வழியாகத்தான் போக முடியும். அவசரம் என்று குறித்தவை குவிந்ததும் உண்மையான அவசரம் எது என்று பிரிக்கும் வேலையே வரிசையில் நின்றது. முடிவு "ஆம்" என்று வந்த பிறகும் பணம் போய்ச்சேர மாதங்கள் ஆயின. சேவை வழங்குநர்கள் கடனுக்கு வேலை செய்து கடைசியில் விலகினார்கள்.

2024 நவம்பரில் தீர்ப்பாயம் தேக்கத்தைத் தீர்க்க உத்தரவிட்டது. பராமரிக்கும் உறவினரை அண்மையில் இழந்த குழந்தை, அவசரநிலை அறிவித்த சமூகத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை ஆகியோரின் விண்ணப்பமும் அவசரம் என்ற வரையறைக்குள் வர வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் திணைக்களம் எதிர்த்திசையில் போய், எவற்றுக்குப் பணம் கிடையாது என்று விதிகளை இறுக்கியது.

விண்ணப்பிக்க உதவுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பல விண்ணப்பங்கள் தடுமாறுவது வல்லுநர் கடிதத்தில்தான். "இந்தக் கருவி பயனுள்ளது" என்று எழுதினால் போதாது. எந்தக் குழந்தைக்கு, எந்தத் தேவைக்கு, எவ்வளவு காலத்துக்கு, கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது கடிதத்திலேயே இருக்க வேண்டும். விலைப்பட்டியலைக் கூடவே இணையுங்கள். அனுப்பிய நாளும் நேரமும் பதிவாக வேண்டும்; கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

வாய்தா

இழப்பீடு? குழந்தைக்கு 40,000 டாலர் என்று 2019இல் தீர்ப்பாயம் சொன்னதை 2022இல் அதே தீர்ப்பாயம் மறுத்துவிட்டது என்று ஒரு செய்தியில் பார்த்தேன்.

ஒட்டாவா மேசை

செய்தி தலைகீழாக இருக்கிறது. 2019 செப்டம்பர் 6 அன்று (2019 சிஎச்ஆர்டி 39) தீர்ப்பாயம் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையைக் கொடுத்தது: வேதனைக்கு 20,000, அறிந்தே அலட்சியம் காட்டியதற்கு 20,000. 2006 ஜனவரி 1 முதல் தேவையின்றி எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும், அவர்களைப் பராமரித்த பெற்றோருக்கும் தாத்தா பாட்டியருக்கும், ஜோர்டன் கொள்கைப்படி சேவை மறுக்கப்பட்டவர்களுக்கும் இது. ஒவ்வொரு குழந்தையையும் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்கத் தேவையில்லை என்றது. 2021 செப்டம்பர் 29 அன்று நீதிபதி ஃபேவல் அரசின் மறுஆய்வு மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இதற்குப் பக்கத்தில் 1991வரை பின்னோக்கிப் போகும் கூட்டு வழக்குகளும் ஓடின. 2022 ஜனவரியில் கொள்கையளவில் 40 பில்லியன் டாலர் உடன்பாடு. பாதி இழப்பீட்டுக்கு, பாதி சீர்திருத்தத்துக்கு. இழப்பீட்டுப் பகுதி 20 பில்லியன் ஒப்பந்தமாகத் தீர்ப்பாயத்துக்கு வந்தபோது அக்டோபரில் அதை ஏற்கவில்லை. காரணம், 2019 உத்தரவால் ஏற்கெனவே உரிமை பெற்ற சிலரை அது வெளியே தள்ளியது: மத்திய நிதி இல்லாத இடங்களில் வைக்கப்பட்ட குழந்தைகள், இறந்துபோன பெற்றோரின் வாரிசுகள், பல குழந்தைகளை இழந்த பெற்றோரின் கூடுதல் தொகை. கொடுத்த உரிமையைத் தரப்புகளின் உடன்படிக்கையால் பறிக்க முடியாது என்பதே அந்த மறுப்பின் சாரம். மறுபடி பேசி 23.34 பில்லியனாக உயர்ந்தது. 2023 ஜூலையில் தீர்ப்பாயமும் அக்டோபர் 24 அன்று ஃபெடரல் நீதிமன்றமும் ஏற்றன. தீர்ப்பாயம் மறுத்திராவிட்டால் அந்த 3.34 பில்லியன் வந்திருக்காது.

செம்பரிதி

உரிமைகோரல் பற்றி: எடுக்கப்பட்ட பிள்ளையள், அவர்களின்ரை குடும்பத்தார் ஆகிய ரெண்டு வகுப்புக்கும் (இழப்பீட்டு ஒப்பந்தத்தில பிரிச்ச பிரிவுகள்) 2025 மார்ச் 10 அண்டு திறந்தாச்சு. கடைசி நாள் 2028 மார்ச் 10. இன்னும் பராயமடையாதவைக்கு, பராயம் வந்து மூண்டு வருசம் இருக்கு. 1991 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை எடுக்கப்பட்டவை இதில வருவினம். ஜோர்டன் கொள்கை வகுப்பு 2007 டிசம்பர் 12 முதல் 2017 நவம்பர் 2 வரை. அதுக்கு முந்தின காலத்துக்கு ட்ரவுட் வகுப்பு எண்டு தனியா இருக்கு.

படிவம் நிரப்பக் காசு வாங்காத உதவியாளர்கள் இருக்கினம். வாற தொகையில பங்கு தா எண்டு கேட்டு வாறவையிட்டை கையெழுத்து வைக்க விடாதேங்கோ. எடுக்கப்பட்ட காலத்தில பேர் மாறின பிள்ளையள் கனபேர். பழைய பேர், புதுப் பேர் ரெண்டையும் எழுதினாத்தான் பதிவில பொருந்தும்.

தராசு

சீர்திருத்தப் பகுதி என்ன ஆனது? 47.8 பில்லியனை வேண்டாம் என்று முதற்குடித் தலைவர்களே வாக்களித்ததை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

நிதிக்கணக்கு

2024 ஜூலையில் வந்த வரைவு அது, பத்து ஆண்டுகளுக்கு 47.8 பில்லியன். அக்டோபரில் கால்கரியில் கூடிய முதற்குடிகள் பேரவையின் சிறப்பு மாநாட்டில் 414 பேரில் 267 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். தொகை சிறியது என்று யாரும் சொல்லவில்லை. பத்தாண்டுக்குப் பிறகு என்ன என்பதற்கு உறுதி இல்லை. ஒப்பந்தம் வந்ததும் தீர்ப்பாயத்தின் மேற்பார்வை போய்விடும். சமூகங்களைக் கலந்துபேச நேரம் கொடுக்கவில்லை. 2016 முதல் வந்த முக்கிய முன்னேற்றங்கள் பெரும்பாலும் தீர்ப்பாயத்தின் உத்தரவால் வந்தவை. அந்தப் பிடியைப் பணத்துக்கு மாற்றிக்கொள்ள மறுத்ததை நான் தெளிவான கணக்காகவே பார்க்கிறேன்.

அதன் பிறகு அரசு தேசிய அளவில் பேச மறுத்தது. ஒன்டாரியோ தலைவர்களும் நிஷ்னாபே அஸ்கி தேசமும் 2025 பிப்ரவரியில் 8.5 பில்லியனுக்குத் தனி உடன்பாடு செய்தார்கள். அதற்கும் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது.

வாய்தா

கடைசியாக ஒன்று. ஒன்டாரியோவில் சிறுவர் பாதுகாப்புத் துறையில் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள் என்று கேள்வி. முதற்குடிக் குழந்தையின் கோப்பு கையில் வந்தால் இந்த வழக்குக்குப் பிந்தைய சட்டப்படி என்ன கடமை?

செம்பரிதி

2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில இருக்கிற மத்திய சட்டம், சி-92 எண்டு கதைக்கிறது. கியூபெக் எதிர்த்தது, 2024 பிப்ரவரி 9 அண்டு உச்ச நீதிமன்றம் முழுச் சட்டமும் செல்லும் எண்டு சொல்லிப்போட்டுது.

14ஆம் பிரிவு: பிள்ளையின்ரை நலனுக்குப் பொருந்தினால் தடுப்புச் சேவைதான் முன்னுக்கு. 15: வறுமை, வீட்டு வசதிக் குறைவு, பெற்றோரின்ரை உடல்நிலை எண்டதை மட்டும் வைச்சுப் பிள்ளையை எடுக்கக் கூடாது. 12: முக்கியமான நடவடிக்கைக்கு முன்னம் பெற்றோருக்கும், பராமரிப்பவருக்கும், பிள்ளையின்ரை சமூக நிர்வாகத்துக்கும் அறிவித்தல் போகவேணும். 16: வைக்கிற இடத்துக்கு வரிசை இருக்கு. முதலில் பெற்றோரில் ஒருவர், பிறகு குடும்பத்தில ஒரு பெரியவர், பிறகு அதே சமூகத்தவர், பிறகு வேறொரு பூர்வகுடிச் சமூகத்தவர், கடைசியாத்தான் மற்ற ஆக்கள்.

கோப்பில பிழை வாற இடம் பெரும்பாலும் 12தான். பிள்ளை எந்தச் சமூகம் எண்டு கேக்காமல் "பூர்வகுடி" எண்டு மட்டும் குறிச்சுவிட்டால் அறிவித்தல் போக முகவரி இல்லை. தாயின்ரை சமூகம், தகப்பன்ரை சமூகம் ரெண்டையும் முதல் நாளே கேட்டு எழுதுங்கோ. ரெண்டும் வேறயா இருந்தால் ரெண்டு இடத்துக்கும் அனுப்புங்கோ. சமூகப் பிரதிநிதி வழக்கில ஒரு தரப்பா வந்தால் பேத்தியார், சித்தி எண்டு பிள்ளையை வைச்சிருக்கக்கூடிய வீடு எது எண்டு அவைக்குத்தான் தெரியும்.